யூரோ பேக் (சிறுநீர்ப் பை) ஏன் நிறம் மாறவில்லை? கடும் காசநோயில் மூச்சு செயலிழந்தவரின் 31 ஐசியு நாள்கள்

இது ஒரே ஒருவருடைய கேஸ் ஷீட் அல்ல. நுரையீரல் காசநோய் முற்றி ஐசியுவுக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் நிலைகளை ஒருவர்மேல் ஏற்றி, பயிற்சி மருத்துவர்களுக்காகவும் ஐசியு செவிலியர்களுக்காகவும் கோத்த மாதிரி நிகழ்வு. நோயாளியின் ரத்த முடிவுகளும் நாள் கணக்கும் மாதிரிக்காக வைத்தவை. மருந்தளவு, வென்டிலேட்டர் வரம்பு, திட்ட விதிகள் ஆகியவை நடைமுறையில் உள்ளவை.

வந்தபோது

வயது 38. ஆண், சென்ட்ரிங் வேலை. ஏழு வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. குடிப்பழக்கம் உண்டு. சர்க்கரை நோய் இருப்பது அவருக்கே தெரியாது. ஐசியுவுக்கு வருமுன் மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். முதலில் அமாக்ஸிசிலின். பிறகு ஐந்து நாள் லீவோஃப்ளாக்சசின். அதில் ஒரு வாரம் போல நன்றாக இருந்து மறுபடி இருமல். மூன்றாவது இடத்தில் நெபுலைசரும் ஊசியும்.

அந்த ஒரு வார நலம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும். ஒற்றை மருந்தாகக் கொஞ்ச நாள் கொடுத்தால் சளியில் கிருமி குறையும், நோயாளிக்குத் தேவலை போலிருக்கும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இருமல் இரண்டு வாரம் தாண்டியவருக்குச் சளிப் பரிசோதனை இல்லாமல் ஃப்ளோரோகுயினலோன் எழுதக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வந்தபோது உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். மூச்சு நிமிடத்துக்கு 38, சாதாரணக் காற்றை இழுக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 78%, 15 லிட்டர் ரிசர்வாயர் மாஸ்க்கில் 88%. நாடி 138, ரத்த அழுத்தம் 86/54, காய்ச்சல் 38.9 டிகிரி. படுக்கையிலேயே இன்ச் டேப் வைத்து உச்சி முதல் குதிகால் வரை அளந்ததில் உயரம் 165 செ.மீ. எடை 36 கிலோ. பிஎம்ஐ 13.2.

மாஸ்க்கில் எடுத்த ஏபிஜி (தமனி ரத்த வாயுச் சோதனை): பிஎச் 7.31, கார்பன் டை ஆக்சைடு 32, ஆக்சிஜன் 54, பைகார்பனேட் 16, லாக்டேட் 4.1. எக்ஸ்ரேயில் வலது மேல்மடலில் பெரிய குழிவு, இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாகப் படலம், இடது கீழ்மடல் அடைத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.8, சோடியம் 122, பொட்டாசியம் 3.1, பாஸ்பரஸ் 2.6, அல்புமின் 1.9, கிரியேட்டினின் 1.4, சர்க்கரை 346, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 11.2%. கீட்டோன் இல்லை. எச்ஐவி இல்லை. கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 48.

முதல் ஆறு மணி நேரம்

முதல் வேலை சளி. ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் சிபிநாட்டுக்கு (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) இரண்டு மி.லி. சளி எடுத்தாகிவிட்டது. சளி துப்ப முடியாதவருக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட பிறகு சக்ஷன் டிராப்பில் எடுப்பது இன்னும் நல்ல மாதிரி. அதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம், மூடிய சக்ஷனோடு ஒரு மியூகஸ் டிராப் போதும். கருவியில் வைத்த இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: கிருமி உண்டு, அளவு அதிகம், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. மீதிச் சளி ஐசோனியசிட் எதிர்ப்பு பார்க்க எல்பிஏவுக்கும் (இன்னொரு மரபணுச் சோதனை) கிருமி வளர்க்கும் கல்ச்சருக்கும் போனது.

பதில் வருமுன் பிபராசிலின்-டாசோபாக்டம் தொடங்கினார்கள். லீவோஃப்ளாக்சசின், அமிகசின், லினசோலிட் மூன்றையும் சளி எடுக்கும்வரை தள்ளிவைத்தது சரியான முடிவு. மூன்றுமே காசநோய்க் கிருமிமேல் வேலை செய்பவை. ஐந்தாம் நாள்வரை ரத்தத்திலும் சளியிலும் வேறு கிருமி வளராததால் பிபராசிலினை நிறுத்தியாயிற்று.

ஹை ஃப்ளோ ஆக்சிஜனில் நிமிடத்துக்கு 50 லிட்டர், ஆக்சிஜன் 80% வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். செறிவு 90%, மூச்சு 40. ராக்ஸ் குறியீடு (ஹை ஃப்ளோ தோற்குமா என்று காட்டும் எண்): 90-ஐ 0.8-ஆல் வகுத்து, அதை 40-ஆல் வகுத்தால் 2.81. இரண்டு மணி நேரத்தில் 2.85-க்குக் கீழே இருந்தால் தோல்வி நெருங்குகிறது என்று பொருள். இந்தக் குறியீடு நிமோனியா நோயாளிகளை வைத்து வந்தது. காசநோய்க்கென்று தனியாகச் சோதித்ததல்ல. ஆனாலும் 36 கிலோ உடம்பு நிமிடத்துக்கு 40 மூச்சை எத்தனை மணி நேரம் இழுக்கும் என்பதற்குக் குறியீடே வேண்டாம்.

இங்கே ஒரு குறுக்குக் குறிப்பு. பழைய காசநோய் வடுவில் நுரையீரல் சுருங்கி, கார்பன் டை ஆக்சைடு 80, 90 என்று ஏறி வருபவர் வேறு வகை. அவருக்கு மாஸ்க் வென்டிலேஷன் நன்றாகக் கேட்கும். சளியில் கிருமி இல்லையென்றால் மறுபடி காசநோய் மருந்தும் வேண்டாம். நம் நோயாளியுடையது ஆக்சிஜன் குறைவு, கூடவே ஷாக். அவருக்கு மாஸ்க் வென்டிலேஷன் வைத்துத் தள்ளிப்போட்டால், கடைசியில் அவசர அவசரமாக ட்யூப் போட வேண்டியிருக்கும்.

ட்யூப் போடுமுன் ரிங்கர் லாக்டேட் 500 மி.லி., கூடவே ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார் அட்ரினலின் ஓட ஆரம்பித்துவிட்டது. மருந்து கொடுத்துவிட்டு அழுத்தம் விழுந்தபிறகு பம்பைத் தேடுவது நம் ஐசியுக்களில் வழக்கமாக நடக்கும் தவறு. கெட்டமின் 36 மி.கி., ரோகுரோனியம் 45 மி.கி., 8 எண் ட்யூப். சளி கட்டியாக இருக்கும், பின்னால் பிராங்கோஸ்கோப் நுழைக்க வேண்டிவரலாம் என்பதால் சிறிய ட்யூப் வேண்டாம். சக்சினைல் கோலின் தவிர்த்தார்கள். வாரக்கணக்கில் படுத்துக் கரைந்த தசையில் அது பொட்டாசியத்தைக் கிளப்பிவிடும்.

நார் அட்ரினலின் 0.3 மைக்ரோகிராம் வரை ஏறியும் அழுத்தம் நிற்கவில்லை. கார்டிசால் 7 மைக்ரோகிராம். இந்த ஷாக்குக்கு அது மிகக் குறைவு. அட்ரினல் சுரப்பியும் காசநோயில் அடிபட்டிருக்கலாம். ஹைட்ரோகார்டிசோன் 50 மி.கி. ஆறு மணிக்கொருமுறை தொடங்கியது. அதோடு ஒரு ஆபத்தும் வருகிறது: கார்டிசால் கிடைத்ததும் சிறுநீரகம் தேங்கிய நீரைத் திறந்துவிடும், சோடியம் மளமளவென்று ஏறும். குடி, சத்துக்குறைவு, குறைந்த பொட்டாசியம் மூன்றும் உள்ளவருக்கு நாளொன்றுக்கு 8 அலகுக்குமேல் ஏறினால் மூளைத்தண்டு சேதமாகும் ஆபத்து உண்டு. ஆறு மணிக்கொருமுறை சோடியம் பார்த்து, 24 மணி நேரத்தில் 129-இல் நிறுத்தினார்கள்.

மூளை உறைக் காசநோயில் ஸ்டீராய்டுக்கு உறுதியான சான்று உண்டு. நுரையீரல் காசநோயில் மூச்சு செயலிழந்தவருக்கு அந்த அளவு சான்று இல்லை. இவருக்குக் கொடுத்தது ஷாக்குக்காக. ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டை வேகமாகக் கரைக்கும் என்பதால், இரண்டாவது வாரத்தில் அழுத்தம் திடீரென விழுந்தால் புதுத் தொற்றைத் தேடுமுன் இதையும் நினைக்க வேண்டும்.

வென்டிலேட்டருக்கு உயரம், மாத்திரைக்கு எடை

வெளிநாடுகளில் பருமனான நோயாளிகளுக்கு உண்மை எடையை வைத்து டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் தள்ளும் காற்றளவு) கணக்கிட்டு நுரையீரலை ஊதிவிடும் தவறைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நம் காசநோயாளியிடம் அது தலைகீழாக நடக்கும். 36 கிலோவை ஆறால் பெருக்கினால் 216 மி.லி.; அதை வைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, சாப்பாட்டைப் பொறுத்ததல்ல. ஆணுக்குக் கணக்கு: உயரத்திலிருந்து 152.4 கழித்து 0.91-ஆல் பெருக்கி 50 கூட்டவும். இவருக்கு 61.5 கிலோ. ஆறு மி.லி. வீதம் 370.

அதுவும் தொடக்கப்புள்ளிதான். 370 மி.லி., பீப் (மூச்சு விட்டபின்னும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 12 வைத்ததும் பிளாட்டோ (மூச்சு நிறைந்து நிற்கும்போதுள்ள அழுத்தம்) 34, டிரைவிங் பிரஷர் (இரண்டின் வித்தியாசம்) 22. காற்றுப் போகும் நுரையீரல் பாதிகூட மிச்சமில்லை. குழிவும் நல்ல பகுதியும் மட்டும் உப்புகின்றன, அடைத்துக்கிடக்கும் கீழ்மடல் திறக்கவே இல்லை. பீப்பை 7-க்கு இறக்கி, டைடல் வால்யூம் 320 ஆக்கியதும் பிளாட்டோ 22, டிரைவிங் பிரஷர் 15. செறிவு 93-லிருந்து 91-க்குத்தான் இறங்கியது. காசநோய் ஏஆர்டிஎஸ்ஸில் (நுரையீரல் முழுதும் அடிபட்டு ஆக்சிஜன் ஏறாத நிலை) பீப்பை அட்டவணை பார்த்து ஏற்றாதீர்கள். ஏற்றி இறக்கி, டிரைவிங் பிரஷர் எங்கே குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். ரேட் 28, பிஎச் 7.24, கார்பன் டை ஆக்சைடு 58. அதை அப்படியே விட்டார்கள்.

ஆக்சிஜன் 70%-இல் ரத்த ஆக்சிஜன் 66; 66-ஐ 0.7-ஆல் வகுத்தால் விகிதம் 94. ஆகவே 16 மணி நேரம் குப்புறப் போட்டார்கள், தொடர்ந்து மூன்று நாள். முதல் முறைக்குப் பிறகு விகிதம் 168. குப்புறப் போட்ட முதல் அரைமணியில் சளி வெள்ளமாக வரும், சக்ஷன் கையருகே இருக்கட்டும். இந்த எடையில் எலும்பெல்லாம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது: இடுப்பெலும்பு முனை, முழங்கால், கன்னம், நெற்றி நான்குக்கும் தனித்தனியாகத் தலையணையும் நுரைப்பட்டையும் வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை முகத்தை மாற்றிவையுங்கள்.

மாத்திரைக்கு மட்டும் உண்மை எடைதான் கணக்கு. 35 முதல் 49 கிலோ வரை நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை மூன்று: ரிஃபாம்பிசின் 450, ஐசோனியசிட் 225, பைரசினமைட் 1200, எத்தாம்புட்டால் 825 மி.கி. கூட பிரிடாக்ஸின் 50 மி.கி. சிபிநாட் பதில் வந்தது இரவு எட்டரைக்கு, முதல் டோஸ் போனது ஒன்பதே காலுக்கு. காசநோய்ப் பிரிவு பூட்டியாயிற்று, காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் பன்னிரண்டு மணி நேரம் போயிருக்கும். ஐசியு அலமாரியில் ஒரு ஸ்ட்ரிப் எப்போதும் இருக்க வேண்டும்.

சோற்றைக் கண்டால் சரியும் உடம்பு

பிஎம்ஐ 14-க்குக் கீழே போனவருக்குச் சாப்பாடும் மருந்து மாதிரிதான்: அளவு தப்பினால் ஆளைக் கொல்லும். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். பாஸ்பரஸ் விழுந்தால் உதரவிதானம் இழுக்காது, இதயத் துடிப்பும் தாறுமாறாகும்.

முதலில் தயமின் (வைட்டமின் பி1) 200 மி.கி. நரம்பு வழியாக, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் எதுவும். பொட்டாசியம் 3.1 என்பதால் இன்சுலினைப் பிடித்துவைத்து, பொட்டாசியம் 3.3 தாண்டியபிறகு ஓட்டினார்கள். சர்க்கரை இலக்கு 140 முதல் 180. முதல் நாள் கிலோவுக்கு 5 கலோரி, மொத்தம் 180. இரண்டாம் நாள் 10. வீட்டார் பார்வைக்கு இது பட்டினிபோலத் தெரியும். முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

இத்தனை எச்சரிக்கையிலும் மூன்றாம் நாள் பாஸ்பரஸ் 1.2. காரணம் ட்யூபில் போகும் உணவு (ஃபீட்) அல்ல, ஓடிக்கொண்டிருந்த இன்சுலின். பொட்டாசியம் பாஸ்பேட் 15 மில்லிமோல் ஆறு மணி நேரத்தில் ஏற்றி, கலோரியை 48 மணி நேரம் 10-லேயே நிறுத்தி, பாஸ்பரஸ் 2 தாண்டியபிறகு மெல்ல ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் கிலோவுக்கு 25 கலோரி, புரதம் 1.3 கிராம்.

ஆறாம் நாள்

வென்டிலேட்டர் எண்கள் பரவாயில்லை, ஆக்சிஜன் 50%. ஆனால் காய்ச்சல் 39-இல் நிற்கிறது, நார் அட்ரினலின் 0.12-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது என்ன? மெரோபெனம், பிறகு கொலிஸ்டின், பிறகு பூஞ்சைக்கு ஒன்று. இங்கே புது ஆன்டிபயாட்டிக் எழுதுமுன் சென்ட்ரல் லைனை மாற்றி, ரத்தமும் சளியும் மறுபடி கல்ச்சர் அனுப்பி, சார்ட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்கள்.

சார்ட்டில் செவிலியர் சிறுநீர் அளவோடு நிறமும் எழுதியிருந்தார். ஐந்து நாளும் ஒரே சொல்: மஞ்சள்.

ரிஃபாம்பிசின் ரத்தத்தில் ஏறினால் சிறுநீர் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் போகும். டோஸ் கொடுத்த சில மணி நேரத்தில் யூரோ பேக் ட்யூபிலேயே தெரியும். வீட்டில் சாப்பிடும் நோயாளிகளே முதல் நாள் பயந்துபோய்க் கேட்கும் விஷயம் இது. ஐந்து நாள் மருந்து போயும் பை வைக்கோல் மஞ்சளிலேயே நின்றால், மருந்து வயிற்றைத் தாண்டவில்லை.

எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் காரணம் கையிலேயே கிடைத்தது. காலை ஐந்தரைக்கு மூன்று மாத்திரையையும் இடித்துக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு வைத்துவிட்டு, மற்ற நோயாளிகளின் வேலை முடித்து ஆறேகாலுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் தள்ளுகிறார்கள். ஃபீட் நிற்காமல் ஓடுகிறது. அதே நேரத்தில் வயிற்றுப்புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் சிரப்பும் போகிறது. வயிற்றில் தேங்கிய அளவு 280 மி.லி. அதில் மாத்திரைத் துகளும் மிதந்தது.

ஒவ்வொன்றும் தனியாகவே போதும் கெடுக்க. ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் அமிலத்தில் கரைந்து ஒன்றாகக் கிடந்தால் ரிஃபாம்பிசின் சிதையும்; அதனால் இடித்து ஊறவைப்பது கூடவே கூடாது. நார் அட்ரினலின் ஓடும்போது குடலுக்கு ரத்தம் குறைவு. வயிறு அசையாமல் கிடந்தால் எதுவும் கீழே இறங்காது. பிளாட்டோவையும் டிரைவிங் பிரஷரையும் மணிக்கு மணி எழுதும் ஐசியுவில், நோயை உண்மையில் குணப்படுத்தப்போகும் மூன்று மாத்திரை எப்படி உள்ளே போகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

அன்றிலிருந்து நடைமுறை மாறியது. அதிகாலை நான்கு மணிக்கு ஃபீட் நிறுத்தம். ஆறு மணிக்கு வயிற்றில் தேங்கியதை இழுத்துப் பார்த்து, 30 மி.லி. தண்ணீரில் ட்யூபைக் கழுவல். அதற்குப் பிறகுதான் உரலில் மாத்திரை. மாவாகும்வரை இடித்து, 20 மி.லி. தண்ணீரில் கலந்து, நிற்கவிடாமல் உடனே செலுத்தல். சிரிஞ்சு ஓரத்திலும் கிண்ணத்திலும் ஒட்டிய சிவப்புத் தூளை இன்னொரு 10 மி.லி. விட்டுக் கழுவி அதையும் செலுத்தல். அங்கே ஒட்டி நிற்பதும் டோஸ்தான். மறுபடி 30 மி.லி. கழுவல். ஒரு மணி நேரம் கழித்து ஃபீட். மெல்லிய ஃபீடிங் ட்யூபாக இருந்தால் துகள் அடைத்துக்கொள்ளும், 14 எண் ரைல்ஸ் ட்யூபே வசதி. சுக்ரால்ஃபேட் நிறுத்தம். வயிறு அசைய மெட்டோகுளோபிரமைட் 10 மி.கி. எட்டு மணிக்கொருமுறை.

குடல் தேறும்வரை நம்பி இருக்க முடியாது என்பதால் நரம்பு வழியாக லீவோஃப்ளாக்சசின் 750 மி.கி., அமிகசின் 540 மி.கி. இரண்டும் சேர்ந்தன. கிரியேட்டினின் அதற்குள் 0.9-க்கு வந்திருந்தது. ரிஃபாம்பிசின் ஊசி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு; நம் ஊரில் பல இடங்களில் எளிதில் கிடைப்பதில்லை. தோற்பதுபோல் தெரியும் சிகிச்சையில் ஒற்றை மருந்தைச் சேர்க்கக் கூடாது என்பது காசநோயில் பழைய விதி, அதனால்தான் இரண்டு. இரண்டு நாளில் வந்த எல்பிஏ ஐசோனியசிட்டுக்கும் எதிர்ப்பு இல்லை என்றது. மருந்து சரிதான், போய்ச் சேர்ந்த வழிதான் தவறு.

மறுநாள் பத்து மணிக்கு யூரோ பேக் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் நார் அட்ரினலின் நின்றது, பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இதற்கெல்லாம் மருந்து உறிஞ்சல் மட்டுமே காரணம் என்று ஒரு நோயாளியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆறேழு நாளில் தானாகத் திரும்புபவர்களும் உண்டு. நிறமும் முரட்டுச் சோதனைதான்: நிறம் வராவிட்டால் மருந்து ஏறவில்லை என்று சந்தேகிக்கலாம், வந்துவிட்டதால் போதுமான அளவு ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் அளவு பார்க்கும் வசதி இருந்தால் டோஸுக்குப் பிறகு இரண்டாம் மணியிலும் ஆறாம் மணியிலும் ரத்தம் எடுக்கவும். லிட்டருக்கு 8 முதல் 24 மி.கி. உச்சம் வர வேண்டும். இரண்டாம் மணியில் குறைந்து ஆறாம் மணியில் கூடினால் வயிறு தாமதிக்கிறது. இரண்டிலும் குறைவென்றால் உறிஞ்சலே இல்லை.

பதினோராம் நாள்

விடியற்காலை மூன்று மணிக்கு வென்டிலேட்டர் அலாரம். பீக் பிரஷர் 48, செறிவு 72, ரத்த அழுத்தம் 64. ட்யூப் அடைப்பில்லை, சக்ஷன் தடையில்லாமல் போகிறது. வலப்பக்கம் மூச்சொலி இல்லை.

அல்ட்ராசவுண்டில் வலது பக்கம் நுரையீரல் வழுக்கல் (மூச்சோடு நுரையீரல் உறை நகர்வது) தெரியவில்லை. காசநோயாளியிடம் இது மட்டும் போதாது. நுரையீரல் உறை ஒட்டிக்கொண்டிருந்தாலும் வழுக்கல் இருக்காது. வழுக்கல் இருக்கும் இடமும் இல்லாத இடமும் சந்திக்கும் புள்ளியைத் தேட வேண்டும். நிலை தாங்குமானால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். படத்தில் நுரையீரல் ஓரக்கோடு நெஞ்சுச் சுவரை நோக்கிப் புடைத்திருந்தால் நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று சேர்வது). கோடு சுவரிலிருந்து குழிந்து விலகினால் அது பெரிய குழிவு. குழிவுக்குள் ஐசிடி (நெஞ்சிலிருந்து காற்றை வடிக்கும் குழாய்) போட்டால் நாமே ஒரு நிரந்தர ஓட்டையை உண்டாக்கிவிடுகிறோம். ரத்தக் கசிவும் சேர்ந்துகொள்ளும்.

இவருக்கு எக்ஸ்ரேக்கு நேரமில்லை. சந்திக்கும் புள்ளி பக்கவாட்டில் தெரிந்தது, அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தாம் விலா இடைவெளியில், முன் அக்குள் கோட்டில் 14 எண் கேனுலா. காற்று சீறி வந்ததும் அழுத்தம் 92. பிறகு 28 எண் ஐசிடி.

மூச்சுக்கு மூச்சு ஐசிடி பாட்டிலில் காற்றுக் குமிழி வந்தது. ஒன்பது நாள் நீடித்தது. சக்ஷன் போடவில்லை, இழுத்தால் ஓட்டை ஆறாது. பீப் 5, டைடல் வால்யூம் 290, ரேட் குறைத்து மூச்சுவிட நேரம் நீட்டினார்கள். ஐசிடி பாட்டிலைத் தூக்கும்போதும் ஸ்கேனுக்குப் போகும்போதும் ட்யூபைக் கிளாம்ப் செய்யவே கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. குமிழி வரும் நோயாளிக்கு கிளாம்ப் போட்டால் இரண்டு நிமிடத்தில் மறுபடி அந்த மூன்று மணி அலாரம்தான்.

கல்லீரல்

பதின்மூன்றாம் நாள் எஸ்ஜிபிடி 312, பிலிரூபின் 2.6. ஷாக்கில் அடிபட்ட கல்லீரல் என்றால் முதல் மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்கியிருக்கும். ஹெபடைடிஸ் பி, சி இல்லை. எஸ்ஜிபிடி இயல்பு உச்சத்தைப்போல் ஐந்து மடங்கு தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டும். அறிகுறியோ மஞ்சள் காமாலையோ இருந்தால் மூன்று மடங்கே போதும். எஸ்ஜிபிடி இயல்பாக இருந்து பிலிரூபின் மட்டும் முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் ஏறினால் அது பெரும்பாலும் ரிஃபாம்பிசினின் தற்காலிக விளையாட்டு. அதற்கு நிறுத்த வேண்டாம்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றும் நின்றன. எத்தாம்புட்டால், லீவோஃப்ளாக்சசின், அமிகசின் தொடர்ந்தன. வென்டிலேட்டரில் உள்ளவருக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நாள் எஸ்ஜிபிடி 71. முதலில் ரிஃபாம்பிசின் 450. நான்கு நாள் கழித்து ஐசோனியசிட் 225. பைரசினமைட்டைத் திரும்பத் தொடவில்லை, ஆகவே மொத்தச் சிகிச்சை ஒன்பது மாதம். இரண்டும் நிலைத்தபின் அமிகசினும் லீவோஃப்ளாக்சசினும் நின்றன. மிடசோலம் போன்ற தூக்க மருந்தின் தேவை ரிஃபாம்பிசின் ஏறும்போது கூடும், நிறுத்தினால் இரண்டு வாரத்தில் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வைக்காவிட்டால் நோயாளி ஏன் விழிக்கவில்லை என்று சிடி எடுக்கக் கிளம்புவோம்.

ஐசியுவின் காற்று

பல ஐசியுக்கள் ஸ்ப்ளிட் ஏசி போட்டு ஜன்னலை மூடியவை. ஏசி அறைக் காற்றையே சுற்றி விடுகிறது. வெளிக்காற்று வருவதே இல்லை. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் கிருமித் துளி 99.9% வெளியேற 35 நிமிடம், 6 முறை மாறினால் 69 நிமிடம். அழுத்தம் குறைத்த தனி அறை இல்லாத இடத்தில் ஓரக் கட்டில், வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், கிடைத்தால் ஹெப்பா வடிகட்டி. வென்டிலேட்டரின் வெளிமூச்சு வழியில் ஃபில்டர், மூடிய சக்ஷன். சர்க்யூட்டைக் கழற்றும்போது முதலில் ட்யூபை கிளாம்ப் செய்து, வென்டிலேட்டரை நிறுத்தி, பிறகு கழற்றல். இது ஈடிடிக்கு (மூச்சுக்குழாய் ட்யூப்), ஐசிடிக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசரோடு இன்ஹேலர். பதினாறாம் நாள் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு ட்யூப் போடுவது) செய்தபோது அறையில் நால்வர், நால்வருக்கும் என்95.

வெளியே

தசை வற்றிய உடம்பு வென்டிலேட்டரை விட நாளெடுக்கும். இருபத்து நான்காம் நாள் டி-பீஸில் (வென்டிலேட்டர் இல்லாமல் தானே மூச்சுவிடுவது) அரை மணி நேரம், இருபத்தொன்பதாம் நாள் முழு நாள். முப்பத்தொன்றாம் நாள் வார்டுக்குப் போனபோது எடை 37.4 கிலோ. டிரக்கியாஸ்டமி ட்யூப் கழற்றியது வார்டில். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு முதல் இரவே முடிந்திருந்தது. மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவிக்கு வங்கிக் கணக்கும் சேர்த்தாயிற்று.

வென்டிலேட்டர் தேவைப்பட்ட காசநோயாளிகளில் பாதிப்பேரும் அதற்கு மேலும் இறந்ததாகவே பெரும்பாலான மருத்துவமனைத் தொகுப்புகள் காட்டுகின்றன. அதனால் ஐசியுவுக்கு முந்தைய வாரங்களே முக்கியம். 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நோய் கண்டுபிடித்த அன்றே நான்கு விஷயம் பார்க்கச் சொல்கிறது. பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழா, அல்லது 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா. மூச்சு 24-க்கு மேலா. செறிவு 94%-க்குக் கீழா. பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடிகிறதா. ஒன்று தப்பினாலும் மருத்துவமனையில் சேர்த்து முழுதாகச் சோதிக்க வேண்டும். எடை மெஷின், இன்ச் டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம். வேறு கருவி வேண்டாம். நம் நோயாளி காட்டிய மூன்று இடத்துச் சீட்டிலும் எடையோ செறிவோ எழுதியிருக்கவில்லை.

வீட்டில் மனைவியும் எட்டு வயது மகனும். இருபதாம் நாள் இருவரையும் அழைத்துப் பார்த்தார்கள். மகனுக்கு எக்ஸ்ரே சுத்தம், தடுப்பு மருந்து ஆறு மாதம் ஐசோனியசிட். மனைவிக்கு இரண்டு வாரமாக இருமல். ஐசியு வாசலில் காத்திருந்தபோதெல்லாம் துணியால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்திருக்கிறார். சிபிநாட்டில் கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. பிஎம்ஐ 17.4, கால் வீக்கம் இல்லை, மூச்சு 18, செறிவு 97%, தானாக நிற்கிறார். வெளிநோயாளிச் சிகிச்சை, நாளொன்றுக்கு மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில்.